இரும்பைத் தின்னும் துரு



இன்று துருவைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தெலுங்கில் துப்பு என்கிறோம். தமிழில் துரு என்கிறோம். நம் சித்தூர்ப் பக்கம் இரண்டு பேச்சும் உண்டு. எந்தப் பேச்சில் சொன்னாலும் அது தின்பது நம் வீட்டு இரும்பைத்தான்.

உங்கள் வீட்டில் என்னென்ன இரும்புச் சாமான் இருக்கிறது? மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். தோசைக்கல். அரிவாள்மனை. கதிர் அரிவாள். மண்வெட்டி. கடப்பாரை. டிரங்குப் பெட்டி. சன்னல் கம்பி. சைக்கிள். கரும்பு வைத்திருப்பவர் வீட்டில் வெல்லம் காய்ச்சும் கொப்பரை. கண்ணுக்குத் தெரியாத இரும்பும் ஒன்று உண்டு. அது தளம் போட்ட வீட்டின் கூரைக்குள் இருக்கும் கம்பி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இன்று நான் வந்ததே முக்கியமாக அதற்காகத்தான்.

முதலில் துரு என்றால் என்ன?

நம் நிலத்து மண்ணைப் பாருங்கள். சிவந்து கிடக்கிறது. ஏன் சிவப்பு? அந்த மண்ணில் இரும்பு கலந்திருக்கிறது. வெறும் இரும்பாக இல்லை. காற்றில் உள்ள பிராணவாயுவோடு சேர்ந்த இரும்பாக இருக்கிறது. பிராணவாயு என்பது நாம் மூச்சில் இழுக்கும் வாயு. ஆக்சிஜன் என்றும் சொல்வார்கள். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான்.

பூமியில் இருந்து தோண்டி எடுக்கும் இரும்புக் கல்லும் இப்படித்தான். அதில் இரும்பும் பிராணவாயுவும் பிணைந்து இருக்கும். பெரிய உலையில் போட்டு, கரி வைத்து எரித்து, இரண்டையும் பிரிக்கிறார்கள். பிரித்து எடுத்த இரும்பில்தான் கொல்லர் நமக்கு அரிவாள் அடித்துக் கொடுக்கிறார். ஆனால் இரும்பு தன் பழைய உறவை விடுவதில்லை. கொஞ்சம் ஈரம் கிடைத்தால் போதும். மறுபடியும் பிராணவாயுவோடு சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேர்ந்ததுதான் துரு. செம்மண் நிறத்தில் இருக்கிறதே, சும்மா இல்லை. இரும்பு மண்ணாகத் திரும்பிக்கொண்டு இருக்கிறது.

துருப் பிடிக்கத் தண்ணீர் வேண்டும். காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு பிடிக்காது. நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

மூடி உள்ள மூன்று சின்னக் கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான புது ஆணிகள் சில வாங்குங்கள். முதல் புட்டியில் ஆணியைப் போட்டுப் பாதி நனையும்படி தண்ணீர் ஊற்றுங்கள். இதில் தண்ணீரும் உண்டு, காற்றும் உண்டு. இரண்டாவது புட்டியில், நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஆணி முழுகும்படி ஊற்றுங்கள். கொதிக்கும்போது தண்ணீருக்குள் இருக்கும் காற்று வெளியே போய்விடும். மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் விடுங்கள். வெளிக்காற்று உள்ளே போகாது. மூன்றாவது புட்டி நன்றாக உலர்ந்து இருக்க வேண்டும். அதில் நீர் விடாத சுண்ணாம்புக் கல் ஒரு துண்டு போட்டு, ஆணியையும் போட்டு, இறுக்கி மூடுங்கள். உள்ளே உள்ள ஈரத்தைச் சுண்ணாம்பு இழுத்துக்கொள்ளும். புட்டியைப் பிள்ளைகள் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நீர் பட்டால் அந்தச் சுண்ணாம்பு கொதிக்கும்.

ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். முதல் ஆணி சிவந்திருக்கும். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். நீங்களே பார்த்தால்தான் மனசில் நிற்கும்.

இன்னொரு சந்தேகம் வரும். அலுமினியப் பாத்திரமும் ஈரத்தில்தானே கிடக்கிறது, அது ஏன் இப்படி உதிர்வதில்லை? அலுமினியத்தின் மேலும் பிராணவாயு சேர்கிறது. ஆனால் அங்கே உண்டாகும் படலம் மெல்லியது. இறுக ஒட்டிக்கொள்ளும். உள்ளே காற்றை விடாது. இரும்பின் துரு அப்படி இல்லை. உப்பி, பொரிந்து, செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும். அதையும் துரு பிடிக்கும். அதனால்தான் விட்டுவிட்டால் கடைசி வரைக்கும் தின்றுவிடுகிறது.

உப்பு இருந்தால் துரு இன்னும் வேகமாக ஏறும். சித்தூருக்குக் கடல் தூரம். ஆனால் திருப்பதி மாவட்டம் 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் தனி மாவட்டம் ஆனபோது, சூலூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதில் சேர்ந்தன. அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கடல் காற்றில் உப்பு கலந்து வரும். இங்கே பல வருடம் இருக்கும் சன்னல் கம்பி அங்கே சீக்கிரம் அரித்துப் போகும்.

திருப்பதியில் ரயில் ஏறி இராமேசுவரம் போனவர்கள் இங்கே இருப்பீர்கள். கடல் மேல் பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போனது நினைவு இருக்கும். அந்தப் பழைய பாலத்தை 1914-ஆம் ஆண்டு திறந்தார்கள். சுமார் 2 கிலோமீட்டர் நீளம். நாலா பக்கமும் உப்புத் தண்ணீர். ஆட்கள் துருவைச் சுரண்டுவார்கள், சாயம் அடிப்பார்கள். ஒரு முனையில் இருந்து மறு முனைக்குப் போவதற்குள் முதல் முனையில் வேலை வந்துவிடும். அப்படிக் கவனித்ததால்தான் நூறு வருடத்துக்கு மேல் நின்றது. கடைசியில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி அரிப்பால் பலம் இழந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள். 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. புதுப் பாலத்தின் காங்கிரீட்டுக்குள் துருப் பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். மேலே கடல் காற்றைத் தாங்கும் உயர்ந்த சாயம் பூசியிருக்கிறார்கள்.

இதே வேலைக்கென்று ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் திறந்தார்கள். இரும்பை உப்புக் காற்று எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காக, மண்டபம் கடற்கரையிலும் அவர்களுக்கு ஓர் இடம் உண்டு.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். தண்ணீரும் காற்றும் இரும்பைத் தொடாமல் நடுவில் எதையாவது வைக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை.

மிக மலிவான தடுப்பு எண்ணெய். வேலை முடிந்ததும் மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைக் கழுவுங்கள். துணியால் துடையுங்கள். வெயிலில் கொஞ்சம் வையுங்கள். பிறகு எண்ணெய்த் துணியால் ஒரு முறை தேய்த்து வையுங்கள். இதற்கு நல்ல எண்ணெய் வேண்டும் என்பது இல்லை. வேப்பெண்ணெய் போதும். மோட்டாரில் இருந்து எடுத்த பழைய ஆயிலை மண்வெட்டி, கொழு போன்றவற்றுக்குப் பூசலாம். ஆனால் தோசைக்கல்லுக்கும் அரிவாள்மனைக்கும் சமையல் எண்ணெய் மட்டும்தான். பழைய ஆயில் வயிற்றுக்குள் போகக் கூடாது.

கருவிகளை மண் தரையில் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரம் இரவெல்லாம் மேலே ஏறும். சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள். சாணம், உரம், உப்பு மூட்டைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். உரத்திலும் ஒருவகை உப்புத்தான் இருக்கிறது. உரம் தெளித்த தட்டையும் மருந்து அடிக்கும் யந்திரத்தையும் அன்றைக்கே கழுவிவிட வேண்டும்.

வெல்லக் கொப்பரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ச்சும் பருவம் முடிந்ததும் கொப்பரையைச் சுரண்டிக் கழுவி, உலர்த்தி, உள்ளேயும் வெளியேயும் எண்ணெய் தடவிக் கவிழ்த்து வையுங்கள். அடியில் பாகு ஒட்டியிருந்தால் அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அந்த இடத்தில்தான் முதலில் ஓட்டை விழும். அடுத்த வருடம் பற்றவைக்க ஆகும் செலவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாயம். கேட்டு, சன்னல், வண்டிச் சட்டம் எல்லாவற்றுக்கும் சாயம் அடிக்கிறோம். ஆனால் பலர் துருவின் மேலேயே அடிக்கிறார்கள். அது காசைத் தண்ணீரில் போடுவதுதான். உள்ளே துரு உப்பிக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்தில் சாயம் தோலாக உரியும். முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைக்க வேண்டும். காய்ந்த நாளாகப் பார்த்து முதல் பூச்சு அடிக்க வேண்டும். கடையில் ரெட் ஆக்சைடு என்று கேட்டால் கொடுப்பார்கள். அது காய்ந்த பிறகுதான் நமக்குப் பிடித்த வர்ணம். பற்றவைத்த மூட்டுகளையும் தரையைத் தொடும் கால்களையும் விட்டுவிடாதீர்கள். துரு அங்கேதான் வேலையைத் தொடங்கும்.

வாளி, தண்ணீர்க் குழாய், கூரைத் தகடு இவற்றில் சாம்பல் நிறமாக ஒரு பூச்சு பார்த்திருப்பீர்கள். ஜி.ஐ. என்பார்கள். அது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் கொஞ்சம் வேடிக்கையான காவல்காரன். பூச்சில் கீறல் விழுந்து உள்ளே இரும்பு தெரிந்தாலும், இரும்புக்கு முன்பாகத் தான் கரையும். தான் தீர்ந்து போகும் வரைக்கும் பக்கத்தில் உள்ள இரும்பைக் காக்கும். ஆனால் அந்த வாளியில் மோர், புளித்தண்ணீர், ஊறுகாய் வைக்காதீர்கள். புளிப்பில் துத்தநாகம் கரைந்து உணவில் சேரும். குடித்தவர்களுக்கு வாந்தி வரும்.

எவர்சில்வர் தட்டும் இரும்புதான் என்றால் நம்புவீர்களா? இரும்போடு குரோமியம் என்ற உலோகத்தைச் சேர்த்துச் செய்வது அது. அந்தக் குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத படலமாக நின்று இரும்பைக் காக்கிறது. சேலம் உருக்காலையில் இந்தத் தகடு செய்கிறார்கள். அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் இதிலேயே செய்யக் கூடாதா என்று கேட்கலாம். செய்யலாம். விலைதான் கட்டுப்படியாகாது.

டில்லியில் ஓர் இரும்புத் தூண் இருக்கிறது. குதுப்மினார் பக்கத்தில். சுமார் 1600 வருடம் பழையது. உயரம் 7 மீட்டர். எடை 6 டன்னுக்கு மேல். மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. மேலே துரு அரிக்கவே இல்லை என்று சொல்லலாம். ஏதோ மந்திரம் என்று பலர் நினைத்தார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்தார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். தீப்பெட்டியின் பக்கத்தில் குச்சியை உரசுகிறோமே, அந்தப் பூச்சில் இருக்கும் பொருள்தான். பாஸ்பரஸ் சேர்ந்ததால் தூணின் மேல் மெல்லிய, இறுகிய படலம் உண்டாகிக் காக்கிறது. டில்லியில் வருடத்தில் பல மாதம் காற்று வறட்சியாக இருப்பதும் ஒரு துணை. நம் கொல்லர்களின் முன்னோர் கரி உலையில் செய்த வேலை அது. பெருமைப்படலாம். ஆனால் மண்ணுக்குள் புதைந்த அடிப்பகுதியில் அதற்கும் துரு ஏறியது. ஈரம் தங்கும் இடம் எந்த இரும்பையும் விடாது.

இப்போது கூரைக்குள் இருக்கும் கம்பிக்கு வருகிறேன்.

ஸ்ரீகாளஹஸ்தி பக்கத்தில் ராச்சகுன்னேரியில் இரும்புக் குழாய் செய்யும் ஆலை இருக்கிறது. ஊர்களுக்குக் குடிநீர் கொண்டு போகும் பெரிய குழாய்கள். எப்போதும் தண்ணீர் ஓடும் குழாய் துருப் பிடிக்காதா? பிடிக்கும். அதற்காக இந்தக் குழாய்களின் உள்ளே சிமெண்டு பூசுகிறார்கள். வெளியே துத்தநாகமும் அதன் மேல் தார்ப் பூச்சும் போடுகிறார்கள். சிமெண்டு ஏன்? சிமெண்டில் சுண்ணாம்பின் காரம் இருக்கிறது. அந்தக் காரம் படும் வரைக்கும் இரும்பின் மேல் துரு ஏறாது. நம் வீட்டுத் தளத்துக்குள் கம்பி பத்திரமாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் காங்கிரீட்டில் விரிசல் விழுந்தால்? தளத்தின் மேல் தண்ணீர் தேங்கி ஊறினால்? காரம் மெல்ல மெல்லக் குறையும். ஈரமும் காற்றும் கம்பியைத் தொடும். கம்பி துருப் பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அந்தப் பிளவில் இன்னும் தண்ணீர் போகும். ஒரு நாள் கூரைக் காங்கிரீட்டு பாளமாக விழும். கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

2021 நவம்பரில் திருப்பதியில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தெருவெல்லாம் ஆறாக ஓடியது. அந்த மாதிரி மழைக்குப் பிறகு கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். பழுப்பு நிறத்தில் கறை இருக்கிறதா? கம்பி போன வழியிலேயே கோடு போட்டது போல விரிசல் இருக்கிறதா? ஒரு குச்சியால் தட்டினால் காலிப் பானை போலச் சத்தம் வருகிறதா? இருந்தால் அதற்குக் கீழே கட்டிலோ தொட்டிலோ போடாதீர்கள். மேலே சாந்து பூசி வெள்ளையடித்து மறைக்கிறார்கள் சிலர். அது புண்ணுக்கு மேல் மாவு பூசுவது போல. பெயர்ந்ததை எல்லாம் எடுத்து, கம்பியைத் தேய்த்து, தடுப்புப் பூச்சுப் பூசி, பிறகு புதுக் காங்கிரீட்டால் அடைக்க வேண்டும். கம்பி பென்சில் போல மெலிந்திருந்தால் மேஸ்திரி மட்டும் போதாது. இஞ்சினீயர் ஒருவர் பார்க்க வேண்டும்.

புது வீடு கட்டுபவர்கள் தளம் போடும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். கம்பி பலகையின் மேல் படுத்திருக்கக் கூடாது. கீழே கவர் பிளாக் வைத்துத் தூக்க வேண்டும். தளத்துக்கு முக்கால் அங்குலம், தூணுக்கு ஒன்றரை அங்குலம் காங்கிரீட்டு கம்பியை மூடியிருக்க வேண்டும். “பார்த்துக்கொள்கிறோம்” என்று மேஸ்திரி சொன்னாலும் நீங்கள் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். செதிலாக உதிரும் துரு கம்பியில் இருந்தால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் சிமெண்டு குழைக்கக் கூடாது. குறைந்தது 7 நாள் தண்ணீர் விட வேண்டும். வெயில் காலத்தில் 10 நாள். அப்போதுதான் காங்கிரீட்டு இறுகும். இறுகினால்தான் ஈரம் உள்ளே போகாது.

இன்னும் ஒன்று. நம் ஊர்களில் பல மாடிகளின் மேல் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பிள்ளை சம்பாதித்ததும் மேல்மாடி கட்டலாம் என்று விட்டது. வருடங்கள் போகின்றன. மழைத் தண்ணீர் அந்தக் கம்பி வழியாகத் தூணுக்குள் இறங்குகிறது. அப்படி விட்டிருந்தால் கம்பியைத் தேய்த்துவிட்டு, கெட்டியான சிமெண்டுப் பால் இரண்டு முறை பூசி, மேலே சன்னமாகக் காங்கிரீட்டு கட்டி மூடிவிடுங்கள். கட்டும் நாளில் உடைத்துக்கொள்ளலாம்.

பேசி முடித்ததும் பின்னால் இருந்து ஓர் அம்மா கேட்டார்: “துருப் பிடித்த ஆணி குத்தினால் ஜன்னி வந்து சாவார்களே, அந்தத் துருவில் விஷமா சார்?”

நல்ல கேள்வி அம்மா. துருவில் விஷம் இல்லை. தனுர்வாதம் என்ற அந்த நோய்க்குக் கிருமி காரணம். அது மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. துரு ஏறிய ஆணி பெரும்பாலும் மண்ணில் கிடந்த ஆணிதானே. ஆழமாகக் குத்திய புண்ணுக்குள் காற்று போகாது. காற்று இல்லாத இடத்தில்தான் அந்தக் கிருமி வளரும். பளபளப்பான ஆணி குத்தினாலும், முள் குத்தினாலும் அதே ஆபத்து உண்டு. புண்ணில் சாணமோ மண்ணோ அப்பாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டி.டி. ஊசியைக் கேளுங்கள். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நர்சம்மா கேட்பார். அந்தத் தேதியை இனிமேல் நீங்களே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.